பெட்டியில் எழுதியதும் உள்ளே இருந்ததும்

செந்தமிழ்ச்செல்விக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கையில் இருக்கும் வேலையை இன்னும் வேகமாகச் செய்வாள், அவ்வளவுதான். மிக்ஸி மோட்டாருக்கு அவள் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேகத்தைப் பார்த்தே, வீட்டில் இன்றைக்கு யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று அவள் கணவன் இளவரசன் தெரிந்துகொள்வான். 2020 கார்த்திகையில் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் அவள் அந்த வேகத்தில்தான் சுற்றினாள்.

பிறந்தது ரிஷிவந்தியம் பக்கம். அப்பாவின் கிணற்று மோட்டார் குறைந்த வோல்டேஜில் வருஷத்துக்கு மூன்று முறை எரிந்துபோகும். அதைச் சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்க் காத்துக் கிடப்பதிலேயே பாதிப் பயிர் வாடிவிடும். பத்தாவது முடித்ததும் செல்வி ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவு கேட்டாள். பெண்பிள்ளைகள் எல்லாம் தையலில்தான் சேருகிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். "எங்க வூட்ல கிழிஞ்சது ஒண்ணும் இல்ல சார், எரிஞ்சதுதான் இருக்குது" என்றாள். முதல் வகுப்பில் தேறினாள். வெளியூர் ஆலை ஒன்றிலிருந்து அப்ரண்டிஸ் பயிற்சிக்குக் கடிதம் வந்தபோது கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டிருந்தது. பத்திரிகைதான் ஜெயித்தது.

வாழ வந்த ஊர் ஓடையநத்தம். சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்கு நேராக நிற்கும் ஊர். கரும்பும் மரவள்ளியும் விளையும். இளவரசன் கெட்டவன் இல்லை. ஆனால் "வயரிங் வேலைக்குப் பொம்பள ஏணி ஏறுனா ஊர் சிரிக்கும்" என்று அவன் அப்பா சொன்னபோது வாய் திறக்காமல் இருந்தான். அதனால் செல்வியின் தொழில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நடந்தது. ஊரில் பாதி மிக்ஸியும் மோட்டாரும் அவள் கைபட்டுத்தான் ஓடின. கேட்டால், "இளவரசன் வூட்ல குடுத்து சரி பண்ணேன்" என்பார்கள். அவள் பேர் யார் வாயிலும் வராது.

அந்தக் கார்த்திகையில் தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கிராம நிர்வாக அலுவலர் ஆபீசில் மனுக் கொடுக்கும் போராட்டம் நடந்தது. இளவரசன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினான். மாமனார் இதே கோரிக்கைக்காக எண்பத்தேழில் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்துச் சிறைக்குப் போனவர். இந்த வயதிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். செல்வியும் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ஐடிஐயில் தனக்குக் கிடைத்த இடமே அப்பன் காலத்து ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்து வாங்கிய வரிசையில் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அதே வாரம் ஊருக்கு எல்ஈடி தெருவிளக்குகள் வந்தன. மொத்தம் இருபத்து நான்கு. பன்னிரண்டு ஊர்த் தெருவுக்கு, பன்னிரண்டு காலனிக்கு. ஊர்த் தெருவில் இருப்பவை சிமெண்ட் கம்பங்கள். காலனியில் பழைய டியூப்லைட் காலத்து இரும்புக் குழாய்க் கம்பங்கள்தான். இரண்டே நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனார்கள். சுண்ணாம்பு அடித்ததுபோலத் தெரு வெளுத்தது. ஊரே நின்று பார்த்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஊராட்சி செயலர் நாராயணசாமி ஒரு விளக்கை அதன் அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். ஊரில் அவரைக் கிளார்க் என்றுதான் சொல்வார்கள். அப்போது ஊராட்சிக்குத் தலைவர் கிடையாது. புது மாவட்டம் என்பதால் தேர்தல் தள்ளிப்போய், எல்லாம் தனி அலுவலர் பேரில் நடந்தது. ஊரில் கண்ணுக்குத் தெரிகிற அரசாங்கம் நாராயணசாமி ஒருவர்தான்.

"இன்னாம்மா செல்வி, இதக் கொஞ்சம் பாரு. நாலே நாள்ல உசுர வுட்டுடுச்சி."

செல்வி முதலில் பெட்டியைத்தான் எடுத்தாள். அதன் ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. ஊரில் யாரும் படிக்காத பக்கம். நாற்பது வாட், நாலாயிரத்து நானூறு லூமென், ஐபி அறுபத்தைந்து, சர்ஜ் பாதுகாப்பு நான்கு கிலோவோல்ட். எழுத்துப்படி பார்த்தால் நல்ல விளக்கு.

நான்கு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தாள். எரிந்துபோன சிப் ஒன்றுதான். அந்த இடத்தில் ஈயத்தை வைத்து இணைத்ததும் விளக்கு உயிர் பெற்றது. நாராயணசாமி முகம் மலர்ந்து எழுந்துவிட்டார். செல்வி "இருங்க சார்" என்று சொல்லி, வாட் அளக்கும் மீட்டரைச் செருகினாள். பத்தொன்பது காட்டியது.

"நாப்பதுன்னு போட்டுக்கினு பத்தொம்போதுதான் இழுக்குது சார்."

"கம்மியா இழுத்தா நல்லதுதானம்மா? கரண்டு பில்லு கம்மியா வரும்."

"வாட்டுன்னா அது தின்ற தீனி. லூமென்னுன்றதுதான் அது கறக்கற பாலு. நல்ல சிப்பா இருந்தாக்கூட ஒரு வாட்டுக்கு நூறு, நூத்திப் பத்து லூமென்னு வரும். பத்தொம்போது வாட்டத் தின்னுட்டு நாலாயிரத்து நானூறு எங்கருந்து குடுக்கும்? பாதிகூட வராது."

நாராயணசாமி கடிகாரத்தைப் பார்த்தார். செல்வி விடவில்லை. மூடி பொருந்தும் இடத்தில் விரலை ஓட்டிக் காட்டினாள். ரப்பர் வளையம் உட்காரப் பள்ளம் வெட்டியிருந்தது, ரப்பர் இல்லை. "ஐபி அறுவத்தஞ்சுல ஆறு தூசிக்கு, அஞ்சு தண்ணிக்கு. பீச்சி அடிச்சாலும் உள்ள பூராதுன்னு அர்த்தம். இதுல தூறலே பூரும்." சர்ஜ் என்கிற, இடி மின்னலில் ஏறும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒரு நீல வட்டு இருக்க வேண்டும். அதற்கான இடம் போர்டில் அச்சாகியிருந்தது, வட்டு இல்லை.

அப்புறம்தான் அவள் பச்சை ஒயரைப் பார்த்தாள்.

விளக்கிலிருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர் வெளியே வந்தன. பச்சை, எர்த்து ஒயர். அது உள்ளே விளக்கின் உலோக உடம்போடு திருகி முடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் விரல் நீளம் உள்ளே போய் அது முடிந்துவிட்டது. வெட்டிய நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மூன்று ஒயர், உள்ளே இரண்டுதான்.

அவள் கை வேகமெடுத்தது. டேப்பைப் பிரித்து மேசைமேல் ஒட்டினாள்.

"மறந்து வுட்டவன் டேப்பு சுத்த மாட்டான் சார். தெரிஞ்சே பண்ணிருக்காங்க."

"அத்தால இன்னா ஆவும்?"

"மழத் தண்ணி பூந்தா கரண்டு இந்த உடம்புக்கு வரும். உடம்பு கம்பத்தோட முடுக்கி இருக்குது. சிமெண்ட்டுக் கம்பத்துல ஆபத்து கம்மி. காலனில இரும்புக் கம்பம். பச்ச ஒயர் இருந்தா கரண்டு மண்ணுக்குப் போய்டும், பியூஸ் எகிறிடும். இல்லன்னா கம்பத்துலயே நிக்கும். எவன் தொடறானோ அவன்தான் பச்ச ஒயரு."

நாராயணசாமி விளக்கை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாதும்மா. பெட்டில ஆயிரம் எழுதுவான். எரியுதா இல்லையா? எரியுது. அத்தோட வுடு."

விளக்குகளைக் கொண்டுவந்தவன் ஜெயப்பிரகாஷ். இளவரசனின் சித்தப்பா மகன். சங்கராபுரத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான், ஊராட்சிகளுக்கு ஒப்பந்தமும் எடுத்தான். மனுப் போராட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் கொடி பிடித்தவன் அவன்தான்.

"அவன் நம்மாளு செல்வி" என்றான் இளவரசன். "பத்து நாளா சோறு தண்ணி இல்லாம அலஞ்சிக்கினு இருக்கான். இந்த நேரத்துல போயி அவன் பேருக்குக் கரி பூசணுமா?"

செல்வி மறுநாள் சங்கராபுரம் பஸ் ஏறினாள். கடையில் ஜெயப்பிரகாஷ் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "வாங்கண்ணி, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினான். அதில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது. செல்வி அறிக்கையின் தலைப்பைப் பார்த்தாள், அப்புறம் பெட்டியிலிருந்து குறித்து வந்த மாடல் எண்ணைப் பார்த்தாள்.

"இது வேற மாடலு தம்பி. இந்த ரிப்போர்ட்டு உன் லைட்டோடது இல்ல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. "அண்ணி, இத்தப் படிச்சிப் பாத்து கேள்வி கேட்ட மொத ஆளு நீங்கதான். இன்ஜினியருங்ககூடக் கேக்கல. உங்குளுக்கு இன்னா வேணும் சொல்லுங்க. வூட்டுக்கு நாலு நல்ல பல்பு குடுத்தனுப்பட்டுமா?"

"நல்ல பல்பு தனியா வெச்சிருக்கியா?"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயப்பிரகாஷின் சிரிப்பு நின்றது. அவள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் இளவரசனுக்குப் போன் வந்துவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து வந்ததிலேயே பெரிய சண்டை அன்றைக்குத்தான். மாமனார் வாசலில் உட்கார்ந்திருக்க, இளவரசன் கத்தினான். "நாலு பேரு முன்னாடி அவன அவமானப்படுத்திட்டு வந்திருக்கியே, இன்னா நெனச்சிக்கினு இருக்க நீ? நம்ம சனத்துக்காகத் தெருவுல நிக்கறவன் அவன்."

செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெறித்தது. "நம்ம பங்கக் குடுன்னு நாம கேக்கறோம். கேக்கணும். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா காலனிக்காரனுக்குச் சேர வேண்டிய பச்ச ஒயர் ஒரு முழம், அத்த வெட்டி டேப்பு சுத்தறது இன்னா நாயம்? அது மட்டும் பங்கு இல்லியா?"

இளவரசன் எழுந்து வெளியே போய்விட்டான். மாமனார் காது கேட்காதவர்போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராம சபையில் கேட்கலாம் என்று காத்திருந்தாள். கொரோனாவைச் சொல்லி ஜனவரியிலும் கிராம சபை நடக்கவில்லை. நோட்டுத்தாளில் நான்கு பக்கம் எழுதினாள். பெட்டியில் இருந்தது இது, உள்ளே இருந்தது இது என்று வரிசையாக எழுதி, படமும் வரைந்து, கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் மனுப் பெட்டியில் போட்டாள். மாசி கடைசியில் ஒரு தாள் வந்தது. 'ஆய்வு செய்யப்பட்டது. விளக்குகள் நல்ல நிலையில் உள்ளன.' யார் ஆய்வு செய்தது என்று தேடிப் போனால், மனு மேலே போய், கீழே வந்து, நாராயணசாமி மேசைக்கே திரும்பி, அவரே பதில் எழுதியிருக்கிறார். திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டு எங்கே என்று கேட்ட கதை.

அதற்கு முன்பே, கேட்டபடி பத்தரை சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து ஊரில் பட்டாசு வெடித்து முடித்திருந்தார்கள். ஜெயப்பிரகாஷ் லட்டு கொடுத்தான். செல்வியும் ஒன்று வாங்கித் தின்றாள். சந்தோஷம் பொய் இல்லை. அப்புறம் தேர்தல் வந்தது, இரண்டாவது அலை வந்தது, ஊரடங்கு வந்தது. மழை இல்லாத மாசங்கள். கம்பங்கள் காய்ந்து நின்றன. விளக்குகளில் ஆறேழு செத்துப்போயின, மற்றவை எரிந்தன. செல்விக்குக் கோபம் போகவில்லை, ஆனால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஐப்பசிக்கு முன்னால் உள்ளாட்சித் தேர்தல் நடந்து தங்கதுரை தலைவரானார். அவரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இப்பதாம்மா நாற்காலில ஒக்காந்தேன், ஒண்ணொண்ணாப் பாக்கலாம்" என்றார்.

அந்த நவம்பர் முதல் தேதி, சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இளவரசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மழை பிடித்தது. கோமுகியில் தண்ணீர் போனது, ஏரி வழிந்தது, காலனித் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டாவது வாரத்தில் ஒரு சாயங்காலம், தெருவிளக்கு போட்ட கொஞ்ச நேரத்தில், தண்ணீர்த் தொட்டி இயக்கும் பழனி செல்வி வீட்டு வாசலுக்கு ஓடிவந்தான்.

"யக்கா, காலனில பச்சையம்மாளக் கரண்டு புடிச்சிக்கிச்சி!"

பச்சையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கரும்பு வெட்டுக்கும் களைக்கும் போகிறவள். மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்தவள், வாய்க்கால் பள்ளத்தைத் தாண்டும்போது கால் வழுக்க, பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்திருக்கிறாள். பிடித்த கை விடவில்லை. அவள் புருஷன் அம்மாசிதான் காய்ந்த மூங்கில் கழியால் அடித்துத் தள்ளி விடுவித்தான். செல்வி போய்ச் சேர்ந்து சுவிட்ச் பெட்டியில் பியூஸைப் பிடுங்கியபோது பச்சையம்மாள் சேற்றில் கிடந்தாள். மூச்சு இருந்தது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. இளவரசன் யாரையும் கேட்காமல் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு வந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் மழையில் அவனே ஓட்டினான்.

மறுநாள் காலையில் செல்வி ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பியூஸைப் போட்டு, காலனிக் கம்பங்களில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த எட்டில் ஐந்து கம்பம் டெஸ்டரில் சிவப்பு காட்டியது. பியூஸைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். நாராயணசாமி கேட்டு ஆளனுப்பியும் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பச்சையம்மாள் வீடு திரும்பினாள். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் கொக்கிபோல மடங்கி நின்றன. செல்வி பார்க்கப் போனாள். வாசலில் நின்று, காலனி ஆட்களை ஊர் கூப்பிடும் வழக்கப்படி, தன்னைவிட மூத்தவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். "பச்சையம்மா, இப்ப எப்டி இருக்குது?"

பச்சையம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"உனுக்குத் தெரியுமாமே?"

செல்வி வாசலில் எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

"கம்பத்துல கரண்டு வரும்னு உனுக்கு ஒரு வருசமாத் தெரியுமாமே. கிளார்க்காண்ட சொன்னியாம். கடைக்காரனாண்ட சண்ட போட்டியாம். மனு எழுதிப் போட்டியாம். பழனி சொன்னான். சரி, கம்பத்தத் தொடறவ யாரு? கிளார்க்கா? கடைக்காரனா? எங்க தெருவுக்கு ஒரு நட நடந்து, 'மழையில அத்தத் தொடாதீங்கடி'ன்னு ஒரு வார்த்த சொன்னியாம்மா நீ?"

"நான்... மனு குடுத்தா மாத்துவாங்கன்னு..."

"ஒரு வார்த்த. அதுக்கு இன்னா மனு?"

அம்மாசி, "வுடு, வுடு" என்று மனைவியின் தோளைத் தொட்டான். அவள் உதறினாள். "எம் பொண்ணு தெனம் அந்தக் கம்பத்துல சாஞ்சிக்கினு பஸ்ஸுக்கு நிப்பா. அவ கைன்னா இன்னா பண்ணியிருப்ப? இன்னொரு மனு எழுதியிருப்பியா?"

செல்வி வீட்டுக்கு வந்தாள். கொட்டகையில் பாதி சுற்றிய காயில் ஒன்று இருந்தது. எடுத்தாள், வைத்தாள். கை ஓடவில்லை. இத்தனை நாள் கோபத்தை யார் யார்மேலோ வைத்திருந்தாள். எல்லாரும் தனக்கு மேலே இருந்தவர்கள். படிக்கத் தெரிந்தவள் என்ற கர்வத்தில் படிக்கத் தெரிந்தவர்களிடம் மட்டுமே பேசியிருக்கிறாள். எர்த்து என்றால் இன்னதென்று நாராயணசாமிக்கு விளக்கிய வாய், காலனிக்குப் போகும் இருநூறு அடி தூரத்தை நடக்கவில்லை. காரணம் என்ன என்று தன்னையே கேட்டாள். ஏணி ஏறினால் ஊர் சிரிக்கும் என்று மாமனார் சொன்னது காரணம் இல்லை. காலனியில் போய்ச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. அந்த உண்மைமேல் வந்த கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மூங்கில் ஏணியை இழுத்துக்கொண்டு காலனிக்குப் போனாள். அம்மாசி ஏணியைப் பிடித்தான். ரப்பர் கையுறையோடு கம்பம் கம்பமாக ஏறினாள். பத்து மணிக்குள் பன்னிரண்டு விளக்கும் இறங்கிவிட்டன. அப்புறம் ஊர்த் தெரு. தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. மூன்றாவது கம்பத்தில் ஏறும்போது கீழே ஏணி ஆடாமல் நின்றதைக் கவனித்துக் குனிந்து பார்த்தாள். இளவரசன் பிடித்துக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

இருபத்து நான்கு விளக்கையும் ஊராட்சி ஆபீஸ் முற்றத்தில் வரிசையாகப் பரப்பினாள். எதிரே காலனிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நாராயணசாமி போனில் கத்தினார். ஜெயப்பிரகாஷ் காரில் வந்து இறங்கி, அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டாள் என்று போலீசில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னான். தலைவர் தங்கதுரை நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"புகாரு குடு" என்றாள் செல்வி. "அவுங்க வர்றதுக்குள்ள தொறந்து வெச்சிடறேன். வந்து பாக்கட்டும்."

முதல் விளக்கைத் திறந்து பச்சை ஒயரை வெளியே இழுத்துக் காட்டினாள். டேப். இரண்டாவது, டேப். ஐந்தாவதைத் திறந்து இளவரசன் கையில் கொடுத்தாள். அவன் தன் நகத்தால் டேப்பைப் பிரித்து, வெட்டிய செம்பு நுனியை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அதை ஜெயப்பிரகாஷ் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இன்னாடா இது?"

"கம்பெனில இருந்து அப்டியே வர்றதுண்ணா. எனுக்கு இன்னா தெரியும்?"

"கம்பெனி டேப்பா இது? உன் கடை டேப்புடா. எங்க மோட்டாருக்குச் சுத்துனதும் இதேதான்."

ஜெயப்பிரகாஷ் காருக்குப் போனான். தங்கதுரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவன் நிற்கவில்லை. செல்வி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். இருபத்து நான்கிலும் டேப். சங்கராபுரம் ஒன்றிய ஆபீசிலிருந்து வந்த பொறியாளர் அம்மா சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் படம் எடுத்தார், எடை போட்டார், மீட்டர் வைத்துப் பார்த்தார். போகும்போது செல்வியிடம், "இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"பெட்டிலதான் மேடம் எழுதிருக்குது" என்றாள் செல்வி. அவளுக்குப் பணிவாகப் பேசும் மனநிலை அன்றைக்கு இல்லை.

தை மாசம் புது விளக்குகள் வந்தன. ஒவ்வொரு இரும்புக் கம்பத்துக்கும் கீழே குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்து பதித்தார்கள். செல்வி பக்கத்திலேயே நின்றாள். நாராயணசாமி வேறு ஊராட்சிக்கு மாற்றப்பட்டார். அவ்வளவுதான் தண்டனை. ஜெயப்பிரகாஷ் பேரில் இனி ஒப்பந்தம் கிடையாது என்றார்கள். மனைவி பேரில் மலைமேல் ஏதோ ஊருக்கு விளக்குப் போடுகிறான் என்றும் சொன்னார்கள். செல்விமேல் கொடுத்த புகாருக்காக அவள் நான்கு முறை ஸ்டேஷனுக்குப் போய்வந்தாள். ஐந்தாம் முறை வரவேண்டாம் என்றார்கள். பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோனது. பங்குனி நடுவில் மேல்கோர்ட்டிலும் பத்தரை சதவீதம் நிற்கவில்லை. இளவரசன் அடுத்த கூட்டத்துக்குப் போனான், ஜெயப்பிரகாஷ் இல்லாத வேனில் ஏறிப் போனான்.

மே முதல் தேதி கிராம சபை கூடியது. செல்வி எழுந்து, இனிமேல் எந்த விளக்கு வந்தாலும் மாட்டுவதற்கு முன் ஜனங்கள் முன்னால் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்றாள். வாட், லூமென், ஐபி எண், சர்ஜ், எர்த்து, மாடல் எண்ணும் அறிக்கையும் ஒன்றா என்பது, எல்லாவற்றையும் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் தீர்மானம் கேட்டாள். தங்கதுரை எழுதினார். கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியபோது பச்சையம்மாள் பின்வரிசையில் எழுந்தாள். "வெளக்குக்குத் தீர்மானம் போட்டுட்டீங்க. எங் கைக்கு இன்னா தீர்மானம்? இத்த வெச்சிக்கினு என்ன வெட்டுக்குக் கூப்புடறவன் எவன்?"

கூட்டம் தரையைப் பார்த்தது. தங்கதுரை பேனாவை மூடினார். "அது நம்ம அதிகாரத்துல இல்லம்மா. மேல கேக்கணும்."

செல்வி அவர் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து அவர் கையில் வைத்தாள். "கேக்கறதாவே எழுதுங்க. மாச உதவி, எதுனா ஒரு அரசாங்க வேல. ஊராட்சி போட்ட கம்பத்துல போன கை இதுன்னு எழுதுங்க. அந்த வரிய வுட்டுடாதீங்க." அவர் எழுதி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள். பிறகு தீர்மானத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக, பெட்டியின் பொடி எழுத்தைப் படிப்பதுபோலப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தத் தீர்மானத்தின் நகலோடு திங்கட்கிழமைகளில் அவள் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறாள். பச்சையம்மாளும் போகிறாள். இரண்டு பேரும் ஒரே பஸ், வேறு வேறு சீட்டு. முதல் வாரம் செல்வி, "யக்கா, இங்க எடம் இருக்குது" என்றாள். பச்சையம்மாள் கேட்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வி மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். டவுனில் இறங்கியதும் பச்சையம்மாள் முன்னால் நடக்கிறாள். செல்வி காகிதக் கட்டோடு பின்னால் போகிறாள். வரிசையில் அவர்கள் முறை வரும்போது, மனுவைப் படித்து வாதாடுகிறவள் செல்வி. அதற்கு முன்னால், ஒரு வார்த்தை பேசாமல், வலது கையை மேசைமேல் வைப்பவள் பச்சையம்மாள்.